பொன்னானியா, பிச்சாவரமா? கோடையில் கயாக்கோடு கொடுவா தேடிப் போகும் கொங்குக்காரர்களுக்கு

"ஏனுங்ணா, லீவுக்குப் பிச்சாவரம் போலாமுங்களா, பொன்னானி போலாமுங்களா?" சித்திரை பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் காவிரிக் கதவணைத் தண்ணீரிலோ ஊர்க் குளத்திலோ விராலுக்கு ரப்பர் தவளை போட்டுக் கை பழகியவர்கள். புதிதாகக் கயாக் வாங்கியிருப்பார்கள். அலையாத்திக் காட்டு வேர் ஓரத்தில் கொடுவா மீன் இரையை அடிக்கிற சத்தத்தை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஈரோட்டில் இருந்து பார்த்தால் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மேற்கே கோவை, பாலக்காடு, குற்றிப்புரம் வழியாகக் கேரளத்துப் பொன்னானி சுமார் 245 கிலோமீட்டர். கிழக்கே சேலம், ஆத்தூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய்ப் பிச்சாவரம் சேர அதைவிடக் கொஞ்சம் கூட ஆகும். பொள்ளாச்சி, கோவைக்காரர்களுக்கு மேற்கு பாதித் தூரம்கூட இல்லை. சேலம், நாமக்கல்காரர்களுக்குக் கிழக்கு கிட்டம்.

இரண்டுமே நம் தண்ணீர் போய்ச் சேருகிற இடம்தான். ஆழியாறு பொள்ளாச்சியைத் தாண்டிச் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் சேர்கின்றன. வெள்ளக் காலத்தில் முக்கொம்பில் மிஞ்சுகிற தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிப் போகிறது. அந்தக் கொள்ளிடத்தின் முகத்துக்கும் வெள்ளாற்றின் முகத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம் இருக்கிறது. ஆனால் கோடையில் நம் தண்ணீர் இரண்டு பக்கமும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாரதப்புழை மணல் காடாகக் கிடக்கும். கொள்ளிடமும் அதே கதி. அப்போது கழிமுகத்தில் இருப்பது முழுக்கக் கடல் தண்ணீர். மீனை நகர்த்துவது ஆறு அல்ல, ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. வழக்கமாக ஆற்றைப் பார்த்து மீன் பிடிக்கிற நாம் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

ஓதத்தை நம் ஊர் ஆளுக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசு. வயலுக்கு மடை திறந்தால் கொக்கு எங்கே வந்து நிற்கும்? நடு வயலிலா? மடை வாயில்தானே. கொடுவாவும் அதே புத்திதான். ஓதம் ஏறும்போது இறாலும் மடவைக் குஞ்சும் வேர்களுக்குள் புகுந்துவிடும், பெரிய மீனால் உள்ளே போக முடியாது. வற்றத் தொடங்கியதும் அத்தனையும் சின்னச் சின்ன வடிகால் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த வடிகால் வாயில், நிழல் விழுகிற பக்கமாக, கொடுவா தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு நிற்கும். ஏற்றம் உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்த முதல் இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிறோம். இரண்டு கரையிலும் ஓத உயரம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான், அதனால் அஷ்டமியை ஒட்டிப் போனால் தண்ணீர் நகர்வதே தெரியாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நல்ல இழுப்பு இருக்கும். பொன்னானிப் பக்கம் இதையே வேலியேற்றம், வேலியிறக்கம் என்பார்கள். படகுக்காரரிடம் அந்த வார்த்தையில் கேட்டால் பதில் உடனே வரும்.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

காடு என்று பார்த்தால் பிச்சாவரத்துக்கு முன்னால் பொன்னானி நிற்கவே முடியாது. ஆயிரத்து நூறு ஹெக்டேர் அளவு, நெளிந்து நெளிந்து ஓடும் ஓடைகள், இரு பக்கமும் சுரபுன்னை தன் வளைந்த கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. முதல் முறை துடுப்புப் படகில் உள்ளே போனபோது, வெயிலே எட்டாத ஒரு வளைவில் வேர் இடுக்கில் மடவைக் கூட்டம் சிதறித் தெறித்தது. என் கை தானாகத் தூண்டில் கோலைத் தேடியது. கோல் வண்டியில் இருந்தது. இருக்க வேண்டிய இடமும் அதுதான், ஏனென்றால் அது காப்புக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்தக் கயாக்கை உள்ளே இறக்கி லூர் (கொக்கி மாட்டிய செயற்கை இரை) வீசுவது தவறு. "எல்லோரும்தான் போறாங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஓடைகளில் இருளர் சமூகத்தார் தண்ணீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் துழாவுகிற ஓரத்தில் நாம் முக்கொக்கி வீசிக்கொண்டு திரிவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே கிழக்கே போனால் நமக்கு மிஞ்சுவது காட்டுக்கு வெளியே, கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுக ஓரங்கள். அங்கேயும் மீன் உண்டு. ஆனால் நிழல் குறைவு, பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். மே மாதம் காலை ஒன்பது மணிக்கே அந்த ஆழமில்லாத் தண்ணீர் சூடேறிவிடும், மீன் ஆழம் தேடி ஒதுங்கிவிடும்.

பொன்னானியில் அடர்ந்த காடு கிடையாது. புறத்தூர் பக்கமும் கழிமுகத்துத் திட்டுகளிலும் கண்டல் துண்டு துண்டாகத்தான் நிற்கும். ஆனால் திட்டின் விளிம்பில் ஆழம் உண்டு, நீரோட்டம் உண்டு, மேலே கொம்பு சாய்ந்து நிழலும் உண்டு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் கோடைக்கு அது போதும். கொஞ்சம் மேலே சம்ரவட்டத்தில் ஆற்றின் குறுக்கே ரெகுலேட்டர் பாலம் இருக்கிறது. உப்பு மேலே ஏறாமல் தடுக்கிற கதவுகள் அங்கே இருப்பதால், ஓதம் அதற்குக் கீழேதான் ஏறி இறங்கும். நம் ஊர்க் கதவணையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கதவுக்குக் கிட்டே போகக் கூடாது.

வேர் மாதிரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் பென்சில் குத்திவைத்தது போல நேராக நிற்கும் மூச்சுவேர்த் திடலில் ஏற்றத்தின்போது மட்டும்தான் மீன் இருக்கும், இறங்கினால் வெறும் சேறு. குடைக்கம்பி போல வளைந்து ஆழத்துக்குள் இறங்குகிற வேர்தான் வற்றத்திலும் மீனை வைத்திருக்கும்.

காற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு மேற்கு பிடித்துப்போனதற்கு முக்கியமான காரணமே காற்றுதான். ஏப்ரல், மே மாதங்களில் பொன்னானியில் முற்பகல் கழிந்ததும் கடல்காற்று எழும். அது கடலில் இருந்து கரைக்கு வீசுகிற காற்று. கை சோர்ந்துபோனாலும் அது நம்மை உள்ளேதான் தள்ளும். கிழக்குக் கரையில் ஜூன், ஜூலையில் வீசுவது நிலத்துக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து நம் ஊர்த் தென்னையை எல்லாம் வளைக்கிறதே, அந்தத் தென்மேற்குக் காற்றுதான் காலையில் பரங்கிப்பேட்டையிலும் வீசும். அது கயாக்கை ஆற்று முகத்தைப் பார்த்து, அதாவது கடலுக்குத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். அங்கே போனால் முதலில் காற்றுக்கு எதிரே துடுப்புப் போட்டு மேற்கே ஏறுங்கள், மீன் பிடித்துக்கொண்டே காற்றோடு திரும்பி வாருங்கள்.

மேற்கிலும் ஆபத்து உண்டு, அதன் பெயர் இடி. ஏப்ரல், மே பிற்பகல்களில் மலைப் பக்கம் இருந்து மேகம் திரண்டு வரும். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். திறந்த தண்ணீரில் அதை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் அங்கே உயரமான பொருள். இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே கோலைப் படுக்கவைத்துக் கரையேறிவிட வேண்டும். நான் பதினோரு மணிக்கு மேல் தண்ணீரில் இருப்பதில்லை. இன்னொன்று ஊன்னி வலை. கேரளக் கழிமுகங்களில் கம்பு ஊன்றி, வற்றத்து நீரோட்டத்துக்கு வாய் திறந்து கட்டியிருப்பார்கள். நாம் மீன் பிடிக்கிற அதே வற்றத்தில்தான் அதுவும் வேலை செய்யும். வேடிக்கை பார்த்துக்கொண்டே மிதந்தால் கயாக் நேராகக் கம்பு வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மாலையே கரையில் நின்று, உள்ளூர்க்காரரிடம் வலை எங்கெங்கே என்று கேட்டுவிடுங்கள். அது அவர்கள் சோறு.

கயாக்கில் காற்றடிக்கிற வகையா, மேலே உட்காருகிற கெட்டி பிளாஸ்டிக் வகையா என்பதற்கு நீண்ட அலசல் வேண்டாம். இரண்டு வருடம் முன்பு காற்றடிக்கிற ஒன்றோடுதான் போனேன். பஸ்ஸில்கூட எடுத்துப் போகலாம் என்ற ஆசை. வேரில் ஒட்டியிருந்த சிப்பி ஒன்று அடியில் லேசாக உரசியது. "உஸ்" என்று பாம்பு சீறியது போல ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் பக்கவாட்டு உருளை தோசைபோல் மடங்கியது. உயிர்காப்பு ஜாக்கெட் போட்டிருந்ததாலும் கரை முப்பது அடியில் இருந்ததாலும் சேறோடு போயிற்று. அலையாத்தி ஓரத்துக்குக் கெட்டி வகைதான்.

லூர் விஷயத்தில் மூன்று கட்சி. தண்ணீர் மேல் குதிக்கும் பாப்பர், நடுவில் மிதந்து நிற்கும் மின்னோ, கொக்கி முனை மறைத்த சாஃப்ட் பிளாஸ்டிக். பாப்பரில் கொடுவா அடிப்பதைப் போல ஒரு காட்சி கிடையாது. "டொப்" என்று காலிக் குடத்தைத் தண்ணீரில் கவிழ்த்த சத்தம், பிறகு லூரைக் காணாது. ஆனால் கோடையில் அது விடிந்தும் விடியாத அரை மணி நேரச் சரக்கு. சூரியன் ஏறினால் பையில் போட்டுவிடலாம். மின்னோ ஒன்பது, பத்து சென்டிமீட்டர் அளவில், இழுத்து நிறுத்தினால் அதே இடத்தில் தொங்கும். அந்த நிறுத்தத்தில்தான் கொடுவா விழுங்கும். பொன்னானித் திட்டு விளிம்புக்கு, வேருக்கு இரண்டடி வெளியே, அதற்கு இணை இல்லை. வேருக்குள் விழுந்தால் இரண்டு முக்கொக்கியும் ஆளுக்கொரு வேரைப் பிடித்துக்கொள்ளும். முக்கொக்கியைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டினால் தொல்லை பாதியாகும், மீனை விடுவிப்பதும் சுலபம்.

ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துப் போக வேண்டுமென்றால் நான் எடுப்பது நாலு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக். கொக்கி முனையை ரப்பர் உடம்பில் புதைத்துவிட்டால் வேர் மேல் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும். ஆகாயத்தாமரை மேல் தவளை போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கை ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வித்தியாசம், விரால் அடித்தால் ஒரு மூச்சு பொறுத்து இழுப்போம், கொடுவாவிடம் பொறுத்தால் அது வேருக்குள் போய்விடும். தட்டியவுடன் கோலைத் தண்ணீர் மட்டத்தில் பக்கவாட்டில் இழுத்து அதன் தலையைத் திருப்பியாக வேண்டும்.

லீடரில், அதாவது நூலின் நுனியில் லூருக்கு முன்னால் கட்டுகிற தடித்த நூலில், சிக்கனம் வேண்டாம். முதல் நல்ல மீனைப் பிடித்தபோது லீடரின் கடைசி ஒரு முழத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது உப்புக்காகிதம் மாதிரிச் சொரசொரத்தது. செவுள் மூடியின் விளிம்பு அவ்வளவு கூர்மை, வேரில் இருக்கும் சிப்பி அதைவிடக் கூர்மை. நாற்பது பவுண்டு ஃபுளூரோகார்பன் கட்டுங்கள், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் தடவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பெரிய மீனை நான் கொண்டுவருவதில்லை. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். ஆகவே கையில் கிடைக்கிற பெரிய மீன் பெரும்பாலும் முட்டைக்காரி. வீட்டுக் குழம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோவில் ஒன்று போதும். கோடைத் தண்ணீர் சூடு, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு. விடுகிற மீனைத் தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காமல், தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, நீரோட்டத்தைப் பார்த்துப் பிடித்து, அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள்.

மே கடைசி வரை என்றால் சேலத்துக்காரருக்கும்கூட மேற்குதான் என் பதில், தூரம் கூடினாலும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாரதப்புழை செம்மண் கரைசலாகிவிடும், அப்போது பொன்னானி வேண்டாம். கிழக்கில் அந்த மாதங்களிலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். காற்றைக் கணக்குப் பண்ணத் தெரிந்தவர்கள் பரங்கிப்பேட்டைக்குப் போகலாம், ஒரு மதியம் ஒதுக்கிப் பிச்சாவரத்தைத் துடுப்புப் படகில், கோல் இல்லாமல், சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். நான் வரும் அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஈரோட்டில் இருந்து கிளம்புகிறேன். கயாக் இப்போதே வண்டி மேல் கட்டியாகிவிட்டது.