மில்லிமீட்டர் பழக எது நல்லது: ஸ்டீல் ஸ்கேலா, தையல் டேப்பா?

திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் தையல் டேப் கிடக்கும். கோவைப் பட்டறைகளில் ஸ்டீல் ஸ்கேல். பிள்ளைக்கு அளவு பார்க்கச் சொல்லித்தர எதை எடுப்பது? நான் ஸ்டீல் ஸ்கேலைத்தான் எடுப்பேன்.

அதில் பூஜ்ஜியம் விளிம்பிலேயே தொடங்குகிறது. ஒரு போல்ட்டை முனையோடு முனை சேர்த்து வையுங்கள். மறுமுனை 4-ஐத் தாண்டி ஏழாவது சின்னக் கோட்டில் நின்றால் 4.7 செ.மீ., அதாவது 47 மி.மீ. ஏழு கோட்டையும் எண்ண வேண்டியதில்லை. நடுவில் சற்று நீண்டிருப்பது ஐந்தாவது கோடு, அதிலிருந்து இரண்டு தள்ளினால் போதும். என் மகள் 4-க்கான கோட்டையே ஒன்று என்று எண்ணி 4.8 என்றாள். "கோட்ட எண்ணாத கண்ணு, இடைவெளிய எண்ணு" என்றதும் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று, கண் நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும். சில ஸ்கேல்களில் அரை மில்லிமீட்டர் கோடுகளும் இருக்கும், தொடக்கத்தில் அந்தப் பக்கம் வேண்டாம்.

டேப்பில் இன்ச்சும் சென்டிமீட்டரும் சேர்ந்தே வருவதால் புதிதாகப் பழகுபவர் தடுமாறுவார். 1 இன்ச் 2.54 செ.மீ.; அதன் கோடுகளோ பத்தாக இல்லாமல் எட்டாகப் பிரியும். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டும் போயிருக்கும். ஆனால் இடுப்பளவு, தென்னை மரத்தின் சுற்றளவு என்றால் டேப்தான். அப்புறம், அது 150 செ.மீ. வரை போவதால் 100-ஐத் தொடும்போது ஒரு மீட்டர் எவ்வளவு என்பது பிள்ளையின் கைக்கே தெரிந்துவிடும்.