ராபின் ஹூட் ஆர்மி: பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாமா?

2014-இல் டெல்லியில் தொடங்கிய இந்தத் தன்னார்வக் குழு பண நன்கொடை வாங்குவதில்லை. உணவகங்களில் மிஞ்சும் நல்ல உணவைத் திரட்டி, தெருவோரம் வசிப்பவர்கள் உள்ளிட்டோருக்குக் கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு இதுதான் பொருத்தம். உண்டியலில் காசு போடுவதைவிடத் தன் கையால் கொடுப்பது மனதில் பதியும்.

உள்ளூர்க் குழுவிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். பொட்டலம் கட்டும்போது சூடான சோற்றை ஆவி அடங்குமுன் மூடினால் வியர்த்து, சீக்கிரம் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டு, அவர் சரியென்றால் குனிந்து இரு கையாலும் கொடுக்கப் பழக்குங்கள். தூங்குபவரை எழுப்பாதீர்கள், படம் எடுக்கவே கூடாது.

பொட்டலம் தீர்ந்ததும் கிளம்பினால் பிள்ளைக்குப் பரிதாபம் மட்டுமே மிஞ்சும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பேச்சும் பழக்கமும் அப்போதுதான் வரும்.