15 வருஷம், ஒரே விமான நிறுவனம்: அவர்கள் சொல்லும் பசுமையும் என் கணக்கும்

போன வருஷம்தான் அம்மாவை முதன்முதலாக துபாய்க்குக் கூட்டிப் போனேன். விமானம் மேலே ஏறியதும் ஜூஸ் வந்தது, கூடவே ஒரு காகித ஸ்ட்ரா. பாதி குடிப்பதற்குள் ஸ்ட்ரா துவண்டு மடங்கிவிட்டது. "என்னவாக்கும் இது?" என்று அம்மா என்னைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பூமிக்கு ஆகாது என்று மாற்றிவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே றெக்கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் இந்தப் பிளேனு எதுல ஓடுது மக்களே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நாலு மணி நேரப் பயணத்தில் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த லீவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தோவாளை. 2010இல் ஏசி மெக்கானிக்காக துபாய் போனேன், இப்போது சூப்பர்வைசர். திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்குமாக இதுவரை 32 தடவை பறந்திருக்கிறேன், அதில் 28 ஒரே நிறுவனம். பெயரைச் சொல்லப் போவதில்லை. திரும்பிப் போகவும் அதில்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன். தவிர, பெயரை மாற்றிப் போட்டாலும் இதில் முக்கால்வாசி இன்னொரு நிறுவனத்துக்கும் பொருந்தும். இந்த 15 வருஷத்தில் அவர்களுடைய மெயில், சீட்டுக்கு முன்னால் செருகியிருக்கும் அட்டை, விளம்பரம் எல்லாவற்றிலும் பச்சை நிறம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே என்ன மாறியது என்பதுதான் என் விஷயம்.

முதலில் கண்ணுக்குத் தெரிவது. பிளாஸ்டிக் ஸ்பூன் போய் மரக்கரண்டி வந்தது. ஸ்ட்ரா, கப், போர்வை சுற்றி வரும் உறை எல்லாம் காகிதம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, நாடு முழுக்க 2022 ஜூலையில். ஆகவே இதில் பாதி அவர்களாக விரும்பிச் செய்ததல்ல, சட்டம் செய்ய வைத்தது. தோவாளைச் சந்தையில் பூவைத் தாமரை இலையில் பொதிந்து கொடுத்துப் பார்த்தே வளர்ந்தவனுக்கு மரக்கரண்டி பெரிய அதிசயமும் இல்லை. (அதே தோவாளைப் பூ விமானம் ஏறும்போது தெர்மாகோல் பெட்டியில் போகிறது. அதைப் பற்றி எந்த அட்டையிலும் எழுதக் காணோம்.)

குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள், பாட்டில் தனி, சாப்பாட்டுத் தட்டு தனி. நல்லதுதான். ஆனால் பல நாடுகளில் வெளிநாட்டு விமானத்திலிருந்து இறங்கும் உணவுக் கழிவை நோய் பரவும் என்ற பயத்தில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உணவு பட்ட பொருளும் அதோடு சேர்ந்து போய்விடும். பிரித்து வைத்த பணிப்பெண்ணின் உழைப்பு எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்பது இறங்கும் ஊரைப் பொறுத்தது. போர்வை விஷயத்தில் எமிரேட்ஸ் செய்வது எனக்குப் பிடிக்கும்: 28 பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கி ஒரு போர்வை. எங்கள் ஆட்கள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

இனி அம்மாவின் கேள்வி. ஏசி வேலை பார்ப்பவனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. ஏ320 வகை விமானம் இந்தத் தடத்தில் நாலு மணி நேரத்துக்குத் தோராயமாக 10 டன் எரிபொருள் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால்தான் எரிபொருளின் எடையை விடப் புகையின் எடை கூடுகிறது. 10 டன்னுக்கு 31 டன்னுக்கு மேல். 180 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 175 கிலோ. போய்வர 350. இதில் என் காகித ஸ்ட்ரா எத்தனை கிராம் மிச்சம் பிடித்திருக்கும்?

இந்த 15 வருஷத்தில் நிஜமாகவே புகையைக் குறைத்த மாற்றத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவே இல்லை. 2019 வாக்கில் ஒரு தடவை ஏறினேன், சத்தம் வித்தியாசமாக இருந்தது. காதை அடைக்கும் அந்தப் பழைய இரைச்சல் இல்லை. இறங்கும்போது பார்த்தால் இன்ஜின் பழையதை விடக் குண்டு. ஏ320இன் புது மாடல், ஏ320 நியோ. முந்தைய மாடலை விட 15 முதல் 20 சதவீதம் எரிபொருள் குறைவு என்பது அதைத் தயாரிக்கும் ஏர்பஸ் சொல்லும் கணக்கு. றெக்கை நுனியில் சுறாத் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே, 2.4 மீட்டர் உயரம், நீண்ட பயணத்தில் அதற்கு மட்டும் 4 சதவீதம் வரை பங்கு உண்டு. என் 175 கிலோவில் 30 கிலோவை இறக்கியது அந்தக் குண்டு இன்ஜின்தான். அவர்கள் பூமிக்காகவா வாங்கினார்கள்? எரிபொருள் காசு மிச்சம் என்று வாங்கினார்கள். வாங்கட்டும். எனக்கு அதில் குறையே இல்லை.

அதே மாதிரி சீட் மெலிந்தது, சீட் பையிலிருந்த கனத்த பத்திரிகை காணாமல் போனது, பைலட்டின் காகிதக் கட்டு டேப்லெட்டுக்குள் போனது. எல்லாம் எடை. எடை என்றதும் எனக்கு ஒரு பழைய கோபம் வருகிறது.

சில வருஷம் முன்பு ஒரு மெயில் வந்தது. "இலகுவாகப் பறப்போம், பூமியைக் காப்போம்" என்கிற மாதிரி ஏதோ. கீழே பொடி எழுத்தில் இலவச பேகேஜ் 30 கிலோவிலிருந்து 20 ஆகிறது என்று இருந்தது. கூடுதலாகக் கொண்டுபோனால் கிலோவுக்கு 45 திர்ஹம். சரி, ஒரு கிலோ சாமான் நாலு மணி நேரம் பறக்க எவ்வளவு எரிபொருள் கேட்கும்? ஏற்றிய எடையில் மணிக்கு மூன்று சதவீதம் என்று போட்டால் 120 கிராம். அந்த 120 கிராமுக்கும் 45 திர்ஹத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கவுண்டரில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அம்மா கட்டித் தந்த கருப்பட்டியையும் கருவாட்டையும் எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கூலிக்காரன் பெட்டியில் 10 கிலோ குறைப்பது பசுமை என்றால், அதே விமானத்தின் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் இடத்தை ஒருவர் எடுத்துக்கொள்வது என்ன நிறம்? பிசினஸ் கிளாஸ் பயணியின் கார்பன் பங்கு என்னைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். அவருக்கு பேகேஜ் 40 கிலோ.

அடுத்தது கார்பன் ஈடு. டிக்கெட் போடும்போது கடைசிப் பக்கத்தில் "உங்கள் கார்பனை ஈடுசெய்யுங்கள்" என்று ஒரு சின்னச் சதுரம் வரும். தட்டினால் 160 ரூபாய் கூடும், நம் புகைக்கு ஈடாக வேறெங்கோ புகையைக் குறைக்கும் திட்டத்துக்கு அது போகும் என்பார்கள். இரண்டு வருஷம் விடாமல் தட்டினேன். பச்சை இலை போட்ட சான்றிதழ் வரும். ஒரு தடவை பொழுது போகாமல் அதிலுள்ள எண்ணை வைத்து இந்தத் திட்டங்களின் பதிவேட்டில் தேடினேன். என் காசு போயிருந்தது தென்தமிழ்நாட்டில் ஒரு காற்றாலைத் திட்டத்துக்கு.

சிரிப்பு வந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனி, ஆடியில் மலைக்கு மேற்கேயிருந்து வரும் காற்று அந்த இடுக்கு வழியாகப் பாயும்போது மாடியில் துணி காயப்போட முடியாது. 1990களிலிருந்து முப்பந்தல் பக்கம் காற்றாடி வரிசை வரிசையாக எழுந்ததைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். அவை நல்ல மின்சாரம் தருகின்றன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போதோ நட்டு, மின்சாரத்தை விற்று ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடி, நான் 160 ரூபாய் கட்டினாலும் சுற்றும், கட்டாவிட்டாலும் சுற்றும். காற்று அடித்தால் சுற்றும். அதை வைத்து என் 175 கிலோ புகை வானத்திலிருந்து இறங்கிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி?

இந்த எண்ணம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்களில் பல, மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று தீர்ப்புச் சொன்னது. மரம் நடுவது போன்றவற்றைக் காட்டிப் பறப்பதன் பாதிப்பு குறையும் என்ற எண்ணத்தை உண்டாக்கியதும் அதில் அடக்கம். அதற்கு முந்தைய டிசம்பரில் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, எதிஹாட் மூன்றின் விளம்பரங்களையும் நிறுத்தச் சொன்னது. நான் சதுரத்தைத் தட்டுவதை விட்டுவிட்டேன். வேறொன்று செய்தேன்: முன்பெல்லாம் விமான நிலையத்துக்கு டாக்சி பிடிப்பேன், அது திரும்பும்போது காலியாக வரும். இப்போது நாகர்கோவிலில் ரயில் ஏறி திருவனந்தபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறேன். மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டுவதும் இல்லை. போய்வர 160 கிலோமீட்டருக்கான டீசல் மிச்சம், காசு அதைவிட மிச்சம்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனத்தின் அறிக்கையில் இதற்குச் "சமூகப் பொறுப்பு" என்று தனி அத்தியாயம், பள்ளிக்குழந்தைகள் சிரிக்கும் படம். நான் பார்ப்பது வேறு. அம்மாவுக்கு வீல்சேர் கேட்டிருந்தேன். வாசலிலேயே ஆள் நின்றது, துபாயில் இறங்கும்போது கடைசி ஆளாக விடாமல் கவனித்தார்கள், அம்மாவோடு தமிழில் பேச ஒரு பெண்ணைத் தேடிக் கூட்டி வந்தார்கள். முழு மார்க். அன்று விமானம் ஓட்டியதும் ஒரு பெண். இந்திய பைலட்டுகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக அளவை விட மிக அதிகம்.

கொரோனாவில் மார்க் போய்விட்டது. 2020 ஏப்ரலுக்கு எடுத்த டிக்கெட், விமானமே இல்லை, பணத்துக்குப் பதில் "கிரெடிட்" என்றார்கள். வேலை போய் தொழிலாளர் கேம்பில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிரெடிட் எதற்கு? அந்த வருஷம் அக்டோபர் 1இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்கள். பணம் கைக்கு வர மறுவருஷமானது.

இன்னொன்று எந்த அறிக்கையிலும் வராது. வளைகுடாவில் இறந்தவர்களை ஊருக்கு அனுப்ப, சடலத்தைச் சரக்கு மாதிரி எடை போட்டுக் கட்டணம் வாங்கும் வழக்கம் இருந்தது. எங்கள் கேம்பிலிருந்து குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவரை அனுப்பியபோது அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். 2019 ஜனவரியில் ஏர் இந்தியா அமீரகத்திலிருந்து எடை போடுவதை நிறுத்தி, 12 வயதுக்கு மேல் 1,500 திர்ஹம், அதற்குக் கீழே 750 என்று நிலையான கட்டணம் வைத்தது. பல வருஷம் சங்கங்கள் மன்றாடிய பிறகு. மரக்கரண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

கடைசியாக, அம்மா கேட்ட "எதுல ஓடுது" என்பதற்கு இனி வரப்போகும் பதில். இதில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. தக்கலையில் பெரியப்பா மகன் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறார். போன வாரம் கடையில் போய் உட்கார்ந்து, "அண்ணே, இந்தக் கரிஞ்ச எண்ணெயில பிளேனு ஓட்டுதாவ" என்றேன். "சும்மா இரில" என்றார்.

சும்மா இல்லை. பயன்படுத்திய சமையல் எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துப் பக்குவப்படுத்தி விமான எரிபொருளாக்குகிறார்கள். வழக்கமான எரிபொருளோடு கலந்து அதே இன்ஜினில் ஊற்றலாம். 2018 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் டேராடூனிலிருந்து டெல்லிக்கு 25 சதவீதம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்து காட்டியது. 2025இல் இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து இதைத் தயாரிக்கச் சர்வதேசச் சான்று பெற்றது. வெளிநாடு போகும் விமானங்களுக்கு 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 என்று இந்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. விலை சாதாரண எரிபொருளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் என் நிறுவனம் இதைப் பற்றி மெயிலில் நிறையப் பேசுகிறது, என் தடத்தில் இதுவரை ஒரு சொட்டும் ஊற்றியதாகச் சொல்லவில்லை. இன்ஜின் மாற்றியது அவர்களுக்கு லாபம், செய்தார்கள். இது நஷ்டம். இதைச் செய்யும் நாளில் நானே அவர்களுக்கு விளம்பரம் எழுதுவேன்.

அண்ணன் கணக்குக் கேட்டார். 10 டன்னில் 1 சதவீதம் என்றால் 100 கிலோ. 15 கிலோ டின் ஏழு. எண்ணெய் அப்படியே எரிபொருளாகாது, வழியில் இழப்பு உண்டு, எட்டு ஒன்பது டின் என்று வை. "எனக்கு வாரத்துக்கு ரெண்டு டின்னு வரும். அப்பம் ஒரு மாசம் நான் சிப்ஸ் போட்டா உன் பிளேனுக்கு நூத்துல ஒரு பங்கா?" என்று வாணலியைப் பார்த்தார். பழைய எண்ணெயை இப்போது வந்து வாங்கிப் போகிறவன் அதை என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது. ஏதாவது ரோட்டோரக் கடைக்குப் போய், திரும்பவும் நம் வயிற்றுக்குள்ளேயே வருகிறதோ என்று ஒரு பயம். இதைத் தடுக்கத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது, அண்ணன் கடைக்கு அந்தத் திட்டத்து ஆள் யாரும் வந்ததில்லை.

கிளம்பும்போது இரண்டு கிலோ சிப்ஸ் கட்டிக் கொடுத்தார். ஏற்கனவே 19 கிலோ ஆகிவிட்டது, ஒரு கிலோதான் எடுத்தேன். "அந்தப் பிளேனுக்காரனுவகிட்ட சொல்லு, எண்ணெய எடுக்க வந்தா டின்ன காலி பண்ணிட்டுத் திருப்பித் தரணும்" என்றார்.