முதலில் கேட்க வேண்டிய தேதி: மட்டக்களப்பில் மகளோடு இரண்டு ஆஸ்பத்திரிகள்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வேண்டுமென்றுதான் கனடாவிலிருந்து போனேன். மூன்றாம் நாளே ஆரையம்பதியில் அக்கா என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு, "பிள்ளைக்கு மாசாமாசம் வருதில்ல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான்" என்றா. அக்காவின் மகளுக்கு வயது 15. முகத்தில் பரு, பின்கழுத்தில் கறுப்பு. அழுக்கென்று அக்கா தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறா.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கவில்லை, இடமும் துப்புரவு. ஆனால் ஒன்றும் விசாரிக்காமல் நேரே ஸ்கேன். "ரெண்டு சூலகத்திலயும் கட்டி. பீசிஓஎஸ். பிறகு பிள்ளை கிடைக்கிறது கஷ்டம்" என்று அவளுக்கு முன்னாலேயே சொன்னார்கள். பீசிஓஎஸ் என்றால் ஆண் ஹோர்மோன் கூடி, மாதவிடாய் முறை தவறும் ஒரு கோளாறு. அன்றிரவு பிள்ளை சாப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த கிழமை அரச ஆஸ்பத்திரி கிளினிக். விடிய ஆறரைக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணி வரை வாங்கில் இருந்தோம். டொக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, "எப்ப பெரியபிள்ளையானவ?" என்று கேட்டா. அக்கா தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாம் சொன்னா. சாமத்தியச் சடங்கு அல்பத்திலேயே இருக்கிறது. இரண்டரை வருடம். அதற்குப் பிறகு வந்த தேதிகளைத்தான் வீட்டில் ஒருவரும் எழுதவில்லை.

கணக்கு அந்த நாளிலிருந்துதானாம். முதல் வருடம் மாதவிடாய் முறை தவறுவது வழமை. 1 முதல் 3 வருடத்துக்குள் இடைவெளி 21 நாளுக்குக் குறைந்தாலோ 45 நாளைத் தாண்டினாலோ கவனிக்க வேண்டும். 3 வருடத்துக்குப் பிறகு மேல் எல்லை 35 நாள். முதல் வருடம் கழிந்தபின் ஒருமுறை 90 நாளைத் தாண்டினாலும் காட்டத்தான் வேண்டும். பீசிஓஎஸ் என்று சொல்ல, அதோடு ஆண் ஹோர்மோன் கூடிய அடையாளமும் இருக்க வேண்டும்: நாடியில் கனத்த முடி, கடும் பரு, அல்லது இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல். இரண்டும் சேர்ந்து, தைரொயிட், புரொலக்டின் போன்ற வேறு கோளாறுகள் இல்லையென்று தெரிந்தால்தான் இந்த வயதில் பீசிஓஎஸ். இந்த வயதில் ஸ்கேனை வைத்து முடிவெடுக்க வேண்டாமென்கிறது 2023 சர்வதேச வழிகாட்டி. அந்த வயதுச் சூலகத்தில் சின்ன முட்டைப்பைகள் நிறைய இருக்கும். அவை கட்டிகளே அல்ல.

இரத்தப் பரிசோதனையில் மகளுக்கு ஹோர்மோன் சரி, பருவும் லேசானது. "வரக்கூடிய சாத்தியம் இருக்கு, பார்த்துக்கொண்டிருப்பம்" என்றதோடு டொக்டர் நிறுத்திக்கொண்டா, நோய்ப் பெயர் எழுதவில்லை. கழுத்துக் கறுப்புக்கு மட்டும், இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படி வருமென்று, சீனி பார்க்கத் துண்டு தந்தா.

பிள்ளைப்பேறு பற்றி அவளே மெல்லக் கேட்டாள். பீசிஓஎஸ் உள்ளவர்களிலும் பெரும்பாலானோர் பிள்ளை பெறுகிறார்கள் என்று டொக்டர் அவளைப் பார்த்தே சொன்னா.

கல்லடிப் பாலம் தாண்டியதும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, கச்சான் வேணுமென்றாள்.