மோனோவா ஸ்டீரியோவா? என்னோட ஓட்டு மோனோவுக்குத்தானுங்க

பழைய ஜாஸ் ரெக்கார்டு தேடறவங்க முதல்ல முழிக்கறது இங்கதானுங்க. மோனோன்னா எல்லா சத்தமும் ஒண்ணாக் கலந்து ஒரே தடத்துல வரும், ஸ்டீரியோன்னா இடது வலதுன்னு ரெண்டாப் பிரிஞ்சு வரும். ஸ்டீரியோ எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, கடைக்கு வந்ததே 1958 வாக்குலதான், அதுக்கப்பறம் பத்து வருசம் போல ஒரே ஆல்பம் ரெண்டு விதமாவும் வந்துட்டிருந்துச்சு. அந்தக்கால ஸ்டீரியோ பலதுல சாக்ஸபோன் ஒரு கோடி, டிரம்ஸ் மறுகோடி, ஹெட்போன்ல கேட்டா ஒரு காது மட்டும் கச்சேரிக்குப் போயிட்டு வந்தாப்ல இருக்கும். ப்ளூ நோட்டுங்கற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனிக்கு ரெக்கார்டிங் பண்ண ரூடி வான் கெல்டரே ஆரம்பத்துல மோனோவுல கேட்டுத்தான் பேலன்ஸ் வெச்சாரு, அதனாலயோ என்னமோ மோனோவுல பேஸ் நெஞ்சுல வந்து இடிக்குது.

உக்கடத்துல பழைய சாமான் கடைல எனக்கொரு மோனோ சிக்குச்சுங்க, அட்டைய கரையான் அரிச்சிருந்துச்சு, பின்னால யாரோ மளிகைக் கணக்கு வேற போட்டிருந்தாங்க. ஸ்டீரியோ ஊசில ஓட்டுனா கடுகு பொரியறாப்ல சத்தம், ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டனத் தட்டுனதும் பாதி அடங்கிருச்சு, ஏன்னா மோனோ ரெக்கார்டோட காடில, அதாவது ஊசி ஓடற பள்ளத்துல, பாட்டு பக்கவாட்டு ஆட்டத்துல மட்டுந்தான், மேலகீழ ஆடறது பூராம் தூசியும் கீறலும்.

பிக் பேண்டுன்னா மட்டும் ஸ்டீரியோதானுங்க, பதினஞ்சு பேர் ஊதறத ஒரே எடத்துல அமுக்குனா சந்தைக்கடைதான். அப்பறம் அந்தக்காலத்து மோனோ ஊசிய ஸ்டீரியோ ரெக்கார்டு மேல வெச்சுறாதீங்க, காடியவே உழுதுரும்.