கறள் பிடித்த பிறேக் பைப்: எஃகா, செம்பா, செம்பு-நிக்கலா?

முல்லைத்தீவுக் கரையோரக் கார்களில், பெடலின் அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பிறேக் ஒயில் ஓடும் பைப்பை உப்புக் காற்று அரிக்கிறது. உட்கிராமங்களில் மாரி காலத்தில் காரின் அடியில் அப்பிக் காயும் கிரவல் சேறு அதே வேலையைச் செய்கிறது. எங்கள் வீட்டு 1990களின் கொரோலாவில் பின் அச்சுக்கு மேலுள்ள கிளிப்பைக் கழற்றியபோது, வெளியே நன்றாகத் தெரிந்த பைப் கிளிப் மூடியிருந்த இடத்தில் நகம் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இணைப்பால் ஒட்டலாம் என்பவர்கள் உண்டு. பிறேக் அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுப் பைப்பையும் மாற்றுவதே முறை.

எஃகுப் பைப் கார் வெளிவந்தபோது இருந்த அதே வகை. வலிமையும் மலிவும் அதன் பக்கம். ஆனால் கையால் வளைத்தால் நசுங்கும், நட்டுக்குள் இறுகிப் பொருந்துவதற்காகப் பைப்பின் நுனியை, அதாவது வாயை, விரிக்கும்போது வெடிக்கும், மேற்பூச்சு உரிந்த இடத்தில் மறுபடி கறள் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு இன்னும் கடினம் என்பதால் வீட்டு வேலைக்கு அதை விட்டுவிடலாம். குளிர்சாதனப் பெட்டி திருத்துமிடங்களில் சுருளாகக் கிடைக்கும் செம்புக் குழாய், கையோடு வளைவதால் ஆசை காட்டும். ஆனால் ஓயாத அதிர்வில் செம்பு இறுகி, ஒருநாள் வெடிப்பு விடும். குன்றும் குழியுமான எங்கள் ஒழுங்கைகளில் ஓடும் காருக்கு நான் அதைப் பூட்டமாட்டேன்.

என் தெரிவு செம்பு-நிக்கல் பைப்தான். ஏறத்தாழ 90 வீதம் செம்பும் 10 வீதம் நிக்கலும் கலந்த இதை வொல்வோ 1976 முதல் தன் கார்களில் பயன்படுத்தியது. கறள் பிடிக்காது, கையால் வளையும், வாய் விரிக்கும்போது பிளக்காது. விலை கூடியது, வெறும் செம்பைப் போலவே தோன்றுவதால், பிறேக்குக்கென்று விற்கும் 4.75 மில்லிமீற்றர் பைப்தானா என்று கேட்டு உறுதிப்படுத்தியே வாங்க வேண்டும்.

எந்தப் பைப்பானாலும் உயிர் அதன் வாயில்தான் இருக்கிறது. ஜப்பானியக் கார்களுக்கு 45 பாகைச் சரிவில் இரட்டையாக மடித்த வாய் வேண்டும். பல ஐரோப்பியக் கார்களுக்குரிய குமிழ் வாயைப் போட்டால் ஒயில் கசியும். நட்டைக் கோர்த்த பிறகே வாயை விரிக்க வேண்டும். விரிக்கும் கருவி இல்லாதவர்கள், பழைய பைப்பை வளைவு கெடாமல் கழற்றி கராச்சில் கொடுத்து, அதே அளவில் செய்வித்து வந்து வீட்டில் பூட்டலாம். கழற்றுவதற்குச் சாதாரண ஸ்பனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும் என்பதால், பைப் நட்டுக்கென்றே உள்ள 10 மில்லிமீற்றர் ஸ்பனரைக் கடனாகவேனும் பெறுங்கள்.

சென்ற மாரிக்குத் திறந்த ஒயில் போத்தலை எடுக்காதீர்கள். டொட் 3 என்ற வகைப் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதியதற்கு 205 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரமேறினால் 140 வரை இறங்கக்கூடும், பைப்பும் உள்ளிருந்து அரிபடும். புது ஒயில் விட்டுக் காற்றை முழுதாக வெளியேற்றிய பின், ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் ஈரம் பட்டால் கார் வளவை விட்டு வெளியேறக் கூடாது.