பால் பாக்கெட்டா, பூனைக்குட்டிப் பால்பவுடரா?

தெருவில் கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்ததும் நம் கை முதலில் போவது ஃபிரிட்ஜில் இருக்கும் பால் பாக்கெட்டுக்குத்தான். விலை குறைவு, வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவு புரதமும் கொழுப்பும் அதில் இல்லை. லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனால், உள்ளங்கை அளவு உடம்பு சீக்கிரமே வற்றிவிடும். தண்ணீர் கலந்தால் சத்து இன்னும் குறையும்.

பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர் விலை அதிகம். அதற்காகச் செல்லப்பிராணிக் கடை தேடி அலையவும் வேண்டும். இருந்தாலும் 4 வாரத்துக்குக் குறைவான குட்டிக்கு என் ஓட்டு இதற்கே. வெதுவெதுப்பாக, குப்புறப் படுக்கவைத்து, முதல் வாரத்தில் 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை (ராத்தூக்கம் போச்சு!). மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். உடம்பு சில்லிட்டிருந்தால் எந்தப் பாலும் கூடாது. முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றுங்கள்.

பல் முளைத்து 5 வாரம் தாண்டிய குட்டியா? குட்டிகளுக்கான உணவைக் குழைத்து வையுங்கள், தானே நக்கித் தின்னும்.